ருமேனியக் கடற்படைத் தளபதி ஹோரியா மச்செல்லாரியு பிற்காலத்தில் ஏன் சிறைக்குப் போனார்?

போர்க்காலத்தில் அவர் வகித்த பதவியும் அதன் பிறகு மாறிய அரசியலும்தான் காரணம். 1894-இல் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் ருமேனியாவின் கருங்கடல் கடற்படையை வழிநடத்தினார். 1944 ஏப்ரல், மே மாதங்களில் கிரைமியாவில் சிக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ருமேனிய, ஜெர்மன் வீரர்களைக் கப்பல்களில் மீட்ட பணியில் அவர் பங்கு பெரிது. குண்டுவீச்சுக்கு நடுவே பழைய சரக்குக் கப்பல்களையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. ஜெர்மனி அதற்காக அவருக்கு நைட்ஸ் கிராஸ் என்ற உயரிய ராணுவ விருது தந்தது.

1944 ஆகஸ்ட் 23 அன்று மன்னர் மிஹாய், ஜெர்மனியுடன் கூட்டு வைத்திருந்த சர்வாதிகாரி அந்தோனெஸ்குவைக் கைது செய்ய, நாடே அணி மாறியது. நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்த ஜெர்மானியர்களிடம் மச்செல்லாரியு பேசி, கான்ஸ்டன்ட்சா துறைமுகம் போர்க்களமாகாமல் அவர்களை வெளியேற வைத்தார். என் பார்வையில் அவருடைய மிகச் சிறந்த செயல் இதுதான். சில நாட்களிலேயே சோவியத் படை ருமேனியக் கப்பல்களைக் கைப்பற்றியது.

அப்புறம் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்ததால் 1948-இல் கைதானார், 1964-இல்தான் விடுதலை. 1989 ஜூலையில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது.