பழைய பவர் டில்லர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவு முடிந்ததும் குமரி மாவட்டத்தில் பழைய பவர் டில்லர்கள், அதாவது கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் உழவு வண்டிகள், கைமாறத் தொடங்கும். அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

இரண்டு ஏக்கர் வயலும் கொஞ்சம் வாழையும் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஓடிய டில்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், பூதப்பாண்டி

ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனபோது எஞ்சின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? முதலில் அதைச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், தேய்ந்த எஞ்சினும் உடனே பிடித்துவிடும். அதனால் காலையில், யாரும் தொடுவதற்கு முன் போங்கள். எஞ்சினில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் விலை பேசாமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆறிய எஞ்சினில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பயமில்லை, டீசல் எஞ்சினில் அது சாதாரணம். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளையின்) அடியிலுள்ள ரப்பர் வளையம் போயிருக்கும். அளவு மேல் கோட்டைத் தாண்டி, விரலில் தேய்த்தால் தண்ணீராக வழுக்கி டீசல் வாடை அடித்தால், பம்ப் கசிந்து டீசல் உள்ளே இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும்.

அடுத்து, டீசலை அடைத்துவிட்டு, டிகம்ப்ரஷன் லிவரை (எஞ்சினுக்குள் அழுத்தம் சேராமல் காற்றை விடும் லிவர்) தூக்காமல் ஹேண்டிலை மெல்லச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் கை கெட்டியாக முட்டி, விட்டால் பின்னுக்குத் தள்ள வேண்டும். ‘உஸ்’ என்று காற்று இறங்கி ஹேண்டில் சுலபமாகத் தாண்டிப் போனால், பிஸ்டன் ரிங்கோ வால்வோ காற்றைப் பிடிக்கவில்லை.

இனி ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஆறியிருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்யலாம், சூடான பின் அந்த மூடியைத் தொடக்கூடாது. தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டில் கேஸ் கசிகிறது. பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே பிடியுங்கள். லேசான மூச்சுக் காற்று மாதிரி வந்தால் நல்லது. புகையோடு குப்குப்பென்று கையைத் தள்ளினால் பிஸ்டன், ரிங், லைனர் மூன்றும் மாற்றவேண்டிய நிலை. அந்தச் செலவைப் பக்கத்துப் பட்டறையில் கேட்டு, விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். எஞ்சினைத் திறந்து பார்க்காமல் ‘ரிங் மட்டும் போதும்’ என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். லைனரை அளந்து பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

புகையில், ஆறிய எஞ்சின் ஒன்றிரண்டு நிமிடம் வெள்ளையாக விடுவது வழக்கம். சூடான பிறகும் நீலப் புகை நின்றால் ஆயில் எரிகிறது. பாரம் கொடுக்கும்போது கரும்புகை தள்ளினால் பதற வேண்டாம், ஏர் கிளீனரும், டீசலைத் தெளிக்கும் நாசிலும்தான் பெரும்பாலும் காரணம். அவை சின்னச் செலவு.

எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சேற்றில் உழலும் வண்டிக்கு, கத்திகளைச் சுழற்றி மண்ணைக் கிளறும் ரோட்டரிதான் முதலில் தேயும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ரோட்டரி ஷாஃப்டின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. வாழைத் தோட்டத்தில் ஓடிய வண்டியாக இருந்தால் குனிந்து ஷாஃப்டின் ஓரத்தைப் பாருங்கள். நாரும் உரச்சாக்கு நூலும் சுற்றி இறுகி, கயிறு முறுக்கிய மாதிரி இருக்கும். அது ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலுக்குள் நுழைந்து, ஷாஃப்டில் உரசி நிற்கும் அதன் உதட்டை அறுக்கும். பெயிண்ட் அடித்தவர்கள் அதன் மேலேயே அடித்திருப்பார்கள்!

கடைசியாக எல்லா கியரையும் போட்டு, மண்ணில் ரோட்டரியை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பாரத்தில் கியர் தானாக வெளியே குதித்தால் பல் மழுங்கிவிட்டது. இது செலவு பிடிக்கும் வேலை. அந்த வண்டி வேண்டாம்.

எந்தக் கம்பெனி வண்டி நல்லது? ரசீது கட்டாயமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பழைய வண்டியில் கம்பெனியைவிட உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதுதான் முக்கியம். எர்ணாகுளம் அத்தாணியில் இருக்கும் கேரள அரசு நிறுவனமான காம்கோவின் வண்டி, பெங்களூரு வி.எஸ்.டி.யின் சக்தி வண்டி இரண்டும் நம் பக்கம் பல வருடமாக ஓடுபவை. மெக்கானிக்குகளுக்குக் கை பழகியவை. சீன வண்டியாக இருந்தால், எஞ்சின் எண் தகட்டில் எஸ்195 மாதிரியான பரவலான மாடலா என்று பாருங்கள். பெயர் அழிந்த, தகடே இல்லாத வண்டிக்குச் சீல் ஒன்று வாங்கவும் அலைய வேண்டியிருக்கும்.

ரசீது கட்டாயம் வேண்டும். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் வெட்டியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மானியத்தில் எடுத்த வண்டியென்றால், அதை விற்க நிபந்தனை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று நாகர்கோவில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரோட்டரியில் ஆயில் ஒழுகுகிறது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை சீல் மாற்றியும் மறுபடி ஒழுகுகிறது. ஷாஃப்டையே மாற்றச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், தேரூர்

ஷாஃப்டை மாற்ற அவசரப்படாதீர்கள். சீலின் உதடு உரசும் இடத்தில் ஷாஃப்டைத் துடைத்து, நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால் அதுதான் காரணம். பல வருடம் சேறும் மணலும் சீலோடு உரசி, இரும்பில் மோதிரம் மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கும். புது சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். நான்கு நாளில் ஒழுகத்தான் செய்யும்.

பள்ளம் லேசாக இருந்து, சீல் உட்காரும் குழியில் இடம் இருந்தால், புது சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளிப் பதியுங்கள். உதடு தேயாத இடத்தில் உட்கார்ந்துவிடும். பள்ளம் ஆழமென்றால் லேத் பட்டறையில் அந்த இடத்தை மட்டும் கடைந்து ஸ்லீவ் (உறை வளையம்) போடச் சொல்லுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் முதலில் பேரிங்கை மாற்றுங்கள், ஆடும் ஷாஃப்டில் எந்தச் சீலும் நிற்காது.

மாற்றும்போது பழைய சீலில் பதிந்திருக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற வரிசையில் இருக்கும். ஒற்றை உதடு சீல் சேற்றுக்குத் தாங்காது, மண்ணைத் தடுக்கும் கூடுதல் உதடு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். உதடுகளுக்கு நடுவே கிரீஸ் அடைத்து, ஷாஃப்டின் கூர்மையான விளிம்பில் மெல்லிய தகடோ பிளாஸ்டிக் தாளோ சுற்றி, அதன் மேல் வழுக்கி ஏற்றுங்கள். சுத்தியலால் நேராக அடிக்காமல், சீலின் அளவுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். பிறகு கியர் ஆயில் 90 ஊற்றுங்கள், அளவு பார்க்கும் போல்ட்டின் துளை வரை. முதல் இரண்டு மணி நேரம் ஓட்டியதும் அந்தத் துளையைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் ஏறுகிறது.

கத்திகளைக் கழற்றும் முன் எது இடம், எது வலம் என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். மாறிப் போட்டால் நடுவில் உழாத திட்டு நிற்கும், கைப்பிடியும் உதறும். கத்தியின் அகலம் பாதியாகத் தேய்ந்திருந்தால் மொத்த செட்டையும் மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் புதுக் கத்திகளே மண்ணை வாங்கி முறியும். போல்ட்டுகளை முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின் மறுபடி முறுக்க வேண்டும்.

தொளி அடிக்கும்போது (சேற்றுழவில்) சக்கரம் நின்றுவிடுகிறது, எஞ்சின் மட்டும் ஓடுகிறது. கிளட்சா, பெல்ட்டா?
– ஒரு வாசகர், திட்டுவிளை

பெல்ட் ஓடும், கிளட்ச் இருக்கும் பெரிய புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, இன்னொருவரை ஓட்டச் சொல்லித் தள்ளி நின்று பாருங்கள். வேட்டியும் துண்டும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. சக்கரம் நின்ற நேரத்தில் புல்லி சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. புல்லியே தயங்கி நின்றால் பெல்ட்.

பெல்ட் என்றால் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை முதல் முக்கால் அங்குலம் வரை இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் எஞ்சினை முன்னுக்குத் தள்ளி இறுக்குங்கள். இறுக்கியும் வழுக்கினால் மொத்த பெல்ட்டையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் நீளம் ஒத்துப்போகாமல் புது பெல்ட்தான் பாரம் முழுவதையும் இழுக்கும். பெல்ட் புல்லியின் பள்ளத்து அடியைத் தொட்டு ஓடி, அடி பளபளவென்று இருந்தால் புல்லியும் தேய்ந்துவிட்டது. கிளட்ச் என்றால், முதலில் லிவர் கம்பியில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா பாருங்கள். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. அதைச் சரிசெய்தும் வழுக்கினால் திறந்து, தட்டுகளில் ஆயில் பட்டிருக்கிறதா என்று பார்த்து, பட்டிருந்தால் கசியும் சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

மரச்சீனி (மரவள்ளி) விளையில் சரிவில் இறங்கும்போது கைப்பிடியிலுள்ள இடது திருப்புப் பிடியை அழுத்தினால் வண்டி வலது பக்கம் திரும்புகிறது. பழுதா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பழுதில்லை, ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும் விஷயம். பிடியை அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு எஞ்சின் தொடர்பு அறுந்துவிடும். சமதரையில் அந்தச் சக்கரம் நின்றுபோக, வண்டி அந்தப் பக்கம் திரும்பும். சரிவில் தொடர்பு அறுந்த சக்கரம் தடையில்லாமல் உருண்டு முந்தும், மற்றதை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் எதிர்ப்பக்கம் போகிறது. சரிவில் இறங்கும்போது குறைந்த கியரில், பிடிகளைத் தொடாமல், கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்புங்கள். கிளட்சை எடுத்தோ நியூட்ரலிலோ இறங்கவே கூடாது.

எட்டு மாதம் சும்மா கிடந்த வண்டி. டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.
– ஒரு வாசகர், ஈத்தாமொழி

பழைய டீசலை முழுதாக வடித்து, டாங்க் அடியில் தேங்கிய தண்ணீரையும் துருவையும் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். கடற்கரைக் காற்றில் டாங்க் உள்ளுக்குள் துருப்பிடிப்பது அதிகம். பிறகு டீசல் குழாயில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை விட்டு இறுக்குங்கள். அடுத்து பம்புக்கு வரும் குழாயின் இணைப்பிலும் அப்படியே. பிறகு நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்ஸிலேட்டரைத் திறந்து வைத்து, டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிக்கொண்டு சுற்றுங்கள். டீசல் துள்ளி வந்ததும் இறுக்கிவிடுங்கள். இப்போது சுற்றினால் நாசிலில் ‘கிர்ரிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும்.

சத்தம் கேட்கவில்லை என்றால் நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் பட்டறையில் டெஸ்டரில் வைத்துப் பாருங்கள். மூடுபனி மாதிரி தெளிக்க வேண்டும், சொட்டக்கூடாது. தெளிப்பை விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும் என்றாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடக்கூடும்.