செம்மரத்தை வெட்டுவது ஆந்திராவில். பிடிபடுவது மட்டும் ஏன் சென்னையில்?

எல்லாம் துறைமுகத்துக்காகத்தான். செம்மரம் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் ஆந்திராவின் தென்பகுதியில், சேஷாசலம், கடப்பா பக்கத்து மலைகளில். அங்கிருந்து சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் சில மணி நேரப் பயணம்.

கடத்தல்காரர்கள் கன்டெய்னரில் வேறு சரக்கு என்று பேப்பர் போடுவார்கள். சில சமயம் சுங்கச் சீலைத் தொடாமலே கதவின் போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருந்ததை இறக்கிவிட்டுக் கட்டைகளை அடுக்கிவிடுவார்கள். சீல் மட்டும் பத்திரமாக இருக்கும்!

முக்கியமாகப் போய்ச் சேருவது சீனாவுக்கு. அங்கே பழைய அரண்மனை பாணி மேசை நாற்காலிக்கு இந்தச் சிவப்பு வைரக்கட்டைக்குத் தனி மவுசு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருந்தும் கடத்தல் நிற்கவில்லை.

லாபம் மேலே இருப்பவர்களுக்கு. மரம் வெட்டப் போகும் ஜவ்வாது மலைக்காரர்களுக்குக் கூலி, மாட்டினால் சிறை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் செத்த 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள்.