வசனம் நன்றாக இருந்தும் நாடகம் ஏன் நகரவில்லை?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு 45 நிமிட நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். பெற்றோர் இறந்தபின் வீட்டை விற்க வரும் அண்ணன், 12 வருடமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தங்கை, பக்கத்து வீட்டுப் பெரியவர் என மூன்று பேர். வளர்ந்த வீடு கைவிட்டுப் போகும் வலியைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஒத்திகை பார்த்தவர்கள் வசனம் அருமை என்கிறார்கள். ஆனால் பத்தாவது நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். என்ன குறை? முடிவை எப்படி வைக்கலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு முறை படித்தேன். வசனம் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. முதல் காட்சியில் அண்ணன் தூணைத் தடவிப் பார்க்கிறார், ஊஞ்சல் கொக்கியைப் பார்த்து அம்மாவை நினைக்கிறார். இரண்டாம் காட்சியில் பெரியவர் வந்து பழைய கதை பேசுகிறார். மூன்றாவதில் தங்கை வருகிறாள், இருவரும் அழுகிறார்கள். சரி, இந்த மூன்று பேரில் யாருக்காவது இன்று பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஆகியே தீர வேண்டுமா? யாருக்கும் இல்லை. கைப்பேசி வெளியே வருவது அதனால்தான்.

ஒருவர் மேடைக்குள் கால் வைக்கும்போதே இதைக் கேளுங்கள்: இவருக்கு இப்போது யாரிடமிருந்து என்ன வேண்டும்? அது கிடைத்ததா இல்லையா என்பது கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரிய வேண்டும். ‘நிம்மதி வேண்டும்’ என்றால் அது கிடைத்ததைப் பாட்டி எப்படிப் பார்ப்பார்? ‘கையெழுத்து வேண்டும்’ என்றால் பார்த்துவிடுவார்.

உங்கள் கதைக்குள்ளேயே அந்தக் கையெழுத்து இருக்கிறது, நீங்கள்தான் எடுக்கவில்லை. அது அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, அவர் உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் அண்ணன் மொத்த வீட்டையும் விற்க முடியாது. வாங்குபவரிடம் அட்வான்ஸ் வாங்கி, அதை மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டியும் விட்டார். பதிவு நாளைக்கு. இப்போது அதே ஆள் அதே தூணைத் தடவினால் பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும்.

அடுத்தது தங்கை. அவளுக்கும் ஒன்று வேண்டும், அது அண்ணன் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து முன்னால் நிற்க வேண்டும். 12 வருடத்துக்கு முன் அவள் கணவர் சபையில் வைத்து அண்ணனை அவமானப்படுத்திவிட்டார், ‘உங்கள் வாசலை இனி மிதிக்க மாட்டேன்’ என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆக, அவருக்கு வேண்டியது அவள் கையில் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது அவர் கையில். கொடுக்க நினைத்தாலும் இருவருக்கும் கை நீளவில்லை. நீங்கள் தேடும் மோதல் இதுதான். குரலை உயர்த்தினால் மோதல் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் வழியை இன்னொருவர் மறிக்காமல் எவ்வளவு கத்தினாலும் அது வெறும் இரைச்சல்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம், குந்தி கர்ணனைத் தேடி வரும் இடம். வில்லிபாரதத்தில் வருவது, நாம் சின்ன வயதிலிருந்து கேட்டது. அவளுக்குத் தன் ஐந்து பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். அவனுக்குத் துரியோதனனின் செஞ்சோற்றுக் கடனைத் தீர்க்க வேண்டும், கூடவே பிறந்த நாளிலிருந்து கிடைக்காத தாயும் வேண்டும். ‘பாண்டவர்களோடு வந்துவிடு’ என்கிறாள், மறுக்கிறான். பிறகு இரண்டு வரம் கேட்கிறாள்: நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் விடக் கூடாது, அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்லக் கூடாது. கொடுக்கிறான். பதிலுக்கு அவன் கேட்பது, களத்தில் விழுந்தபின் தன்னை மடியில் எடுத்து ‘மகனே’ என்று எல்லாரும் அறிய அவள் அழ வேண்டும்; அதுவரை தான் யார் என்பது பாண்டவருக்குத் தெரியக் கூடாது. கேட்டதில் ஒரு பகுதி அவளுக்குக் கிடைக்கிறது, அதற்கான விலையை அவன் உயிராகக் கொடுக்கிறான். தாய்ப்பாசம் பற்றி ஒரு பிரசங்கமும் இல்லாமலே நமக்குத் தொண்டை அடைக்கிறது.

வேண்டியது பெரிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கர்ண மோட்சம் கூத்தில் போருக்குக் கிளம்பும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ அவன் பிறப்பைச் சொல்லி இழித்துப் பேசுகிறாள். அவனுக்கு வேண்டியது ஒரு நல்ல வார்த்தைதான். அது கிடைக்குமா என்று பார்க்க ஊரே நடுச்சாமத்தில் கண்விழித்து உட்கார்ந்திருக்கும்.

உங்கள் மூன்றாம் காட்சியை இப்படி ஒருமுறை எழுதிப் பார்த்தேன்:

அண்ணன்: பென்சில்ல குறிச்சிருக்கேன். மூணு இடம்தான்.

தங்கை: கண்ணாடி எடுத்துட்டு வரல.

அண்ணன்: என்னோடதப் போட்டுக்க.

(வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். பத்திரத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கிறாள்.)

தங்கை: காலர் நைஞ்சு போயிருக்கே. அண்ணி பாக்கறதில்லையா?

அண்ணன்: நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டோக்கன்.

(கண்ணாடியைக் கழற்றி மடக்குகிறாள். திருப்பித் தரவில்லை.)

தங்கை: ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு முகூர்த்தம். மாமன் தட்டு யார் தூக்குறதுன்னு சம்பந்தி வீட்ல கேக்கறாங்க.

வீட்டைப் பற்றி இதில் ஒரு வரி இல்லை. ஆனாலும் உங்கள் முழு வலியும் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அது அவள் கையில் இருக்கும்வரை அவரால் அந்தப் பத்திரத்தைப் படிக்கவும் முடியாது.

இதற்கு அப்புறம் அண்ணன் ஒரே மாதிரி கெஞ்சிக்கொண்டே இருந்தால் காட்சி மறுபடி படுத்துவிடும். முதலில் பாசம் காட்டட்டும், அது பலிக்காதபோது பணம் பேசட்டும், அதுவும் பலிக்காதபோது மிரட்டட்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். பணம் பேசியபின் பாசத்துக்குத் திரும்ப முடியாது. மாஸ்கோ கலை அரங்கை 1898இல் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, நடிகர்கள் ஒவ்வொரு பகுதியிலும் ‘எனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டுக்கொள்ளப் பழக்கினார். இதற்கு அவர் வைத்திருந்த ரஷ்யச் சொல், பிள்ளைகள் பள்ளியில் போடும் கணக்கையும் குறிக்கும். உங்கள் நடிகர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ‘சோகமாக இரு’ என்றால் எந்த நடிகருக்கும் கை கால் ஓடாது. ‘அவளைக் கையெழுத்துப் போட வை’ என்றால் உடம்பே வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தன் வீட்டுக்குப் போகும் மூன்றடிச் சந்து வழியைப் பத்திரத்தில் விட்டுத்தரச் சொல்ல வேண்டும் என்று ஒரு தேவை கொடுங்கள். இல்லாவிட்டால் அவரை எடுத்துவிடுங்கள், எட்டு நிமிடம் மிச்சமாகும்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நான் சொல்லக் கூடாது, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தங்கை இன்று கையெழுத்துப் போட்டாலும் போதாது, நாளை பதிவு அலுவலகத்துக்கு வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் இன்று சரி என்றாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தாரா என்று தெரியும். அவள் முறை முதலில் வருகிறது. அவர் வருவார் என்று நம்பி முதலில் இறங்க வேண்டியவள் அவள்தான். பத்து மணி டோக்கனுக்கு அவள் அந்த அலுவலகப் படியேறும் காட்சி உங்கள் பிரதியில் இல்லை. அதை முதலில் எழுதுங்கள். எழுதியதும், தூணைத் தடவும் முதல் காட்சியில் எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.