எம்.பி.ஏ. இருக்கட்டும் டாக்டர், பணிப்பதிவேட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தேர்வாகி, 2014 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். இரண்டு குழந்தைகள். நிர்வாகப் பக்கம் போய், முடிந்தால் இயக்குநர் வரை வர ஆசை. "மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ., ஆறே மாதம், ஒன்றரை லட்சம், பரீட்சைக்குக்கூட வர வேண்டாம், புரமோஷன் லிஸ்டில் முன்னால் வந்துவிடலாம்" என்கிறார் ஓர் ஏஜென்ட். சேரலாமா மேடம்?

பதில்: சேராதீர்கள். எம்.பி.ஏ. என்பது பொதுவாக 2 ஆண்டுப் படிப்பு. ஆறு மாதத்தில் தருகிறேன் என்பவர் விற்பது வெறும் காகிதம். "10 நாள் எம்.பி.ஏ." என்று விளம்பரம் செய்தவர்களைப் பற்றி 2024-இல் யு.ஜி.சி.யே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தை அரசுப் பணியில் இருக்கும் நீங்கள் பதிவேட்டில் ஏற்றக் கொடுத்து, பிறகு அது போலி என்று தெரிந்தால், ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-யின்கீழ் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு வரும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு நின்றுபோகும். ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, கெடுவது உங்கள் பெயர்தான்.

பதவி உயர்வை வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. "சிறந்த பெண் மருத்துவத் தலைவர் விருது" என்று போன் செய்வார்கள். பதிவுக் கட்டணம் கட்டினால் நட்சத்திர ஓட்டலில் மேடை, பொன்னாடை, கேடயம். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் நகையை அடகு வைத்து அப்படி ஒரு கேடயம் வாங்கினார். எந்தப் பதவி உயர்வுக் குழுவும் கேடயத்தைப் பார்ப்பதில்லை.

சரி, வழி எது? தமிழ்நாட்டில் மூன்று இயக்ககங்கள், மூன்று ஏணிகள். மருத்துவக் கல்விப் பக்கம் டீன் ஆக வேண்டுமென்றால் எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்து, பேராசிரியராகி, பல ஆண்டு பாடம் நடத்தியிருக்க வேண்டும். ஊரக நலப்பணிகள் பக்கம் மாவட்ட இணை இயக்குநர் பதவி, பெரும்பாலும் சீனியாரிட்டி. உங்களுக்கு நேராக இருப்பது மூன்றாவது ஏணியான பொது சுகாதாரத் துறை. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. சுகாதார நிர்வாகத்துக்கென்று தனி மருத்துவர் பிரிவை இன்றும் வைத்திருக்கிறோம். அதில் மாவட்ட சுகாதார அலுவலராகி மேலே போவதற்கான சாவி டி.பி.எச். என்ற பொது சுகாதாரப் பட்டயம் அல்லது சமூக மருத்துவத்தில் எம்.டி. மாநில ஒதுக்கீட்டு அரசு முதுநிலை இடங்களில் பாதி, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒன்றரை லட்சத்தை வைத்துக்கொண்டு நீட் முதுநிலைக்கு உட்காருங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, மகப்பேறு விடுப்பு எழுதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தகுதிகாண் பருவம் (புரபேஷன்) என்பது தொடர்ச்சியான 3 ஆண்டுக்குள் 2 ஆண்டு பணி. நடுவில் பிரசவ விடுப்பு எடுத்தால் அந்த மாதங்களைக் கழித்துவந்தார்கள், பருவம் தள்ளிப்போனது. சீனியாரிட்டி எம்.ஆர்.பி. தரவரிசைப்படிதான், அது மாறாது. ஆனால் பருவத்தை முடித்ததாக ஆணை இல்லாதவர் பதவி உயர்வுப் பட்டியலுக்கே வர முடியாது. கூடப் படித்த ஆண் மருத்துவர் மேலே போய்விடுவார், நீங்கள் பிள்ளை பெற்றதற்காகக் காத்திருப்பீர்கள். தகுதிகாண் பருவத்துக்கு மகப்பேறு விடுப்பையும் கணக்கில் எடுப்போம் என்று அரசு 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் அறிவித்தது. இத்தனை வருடம் எத்தனை பெண்களின் வாய்ப்பைத் தின்றிருக்கும் இந்த விதி! நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

நான் பணியில் இருந்தபோது என் பதிவேட்டிலேயே பார்த்தேன். நீல மையில் "ம.வி." என்று எழுதி, தேதியும் போட்டு, அலுவலர் சுருக்கொப்பம் இடும் கட்டம் மட்டும் காலி. எழுதிய எழுத்தர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த ஒரு கையெழுத்துக்கு நான்கு அலுவலகம் ஏறி இறங்கினேன். உங்களுக்கு இரண்டு விடுப்பு. விடுப்பின் அளவும் அவ்வப்போது மாறியிருக்கிறது: 2016-க்கு முன் 6 மாதம், பிறகு 9, 2021 ஜூலை முதல் 12. எந்த ஆணைப்படி எத்தனை நாள் என்று ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். அரசு ஊழியர் விவரங்களுக்கான 'களஞ்சியம்' கணினி முறையில் ஏற்றியபோது தேதி தவறியிருக்கலாம், அதையும் ஒப்பிடுங்கள்.

டாக்டர் வி. சாந்தா 1955-இல் 12 படுக்கைகள் கொண்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார், 1980-இல் அதன் இயக்குநரானார். நடுவில் 25 ஆண்டு, அதே வளாகத்தில், நோயாளிகளோடு. உங்களுக்கும் பதினொரு ஆண்டுக்கு மேல் களப்பணி இருக்கிறது. தடுப்பூசி, பிரசவம், டெங்கு என்று நீங்கள் பார்த்ததெல்லாம் நிர்வாகம்தான்.

பதிவேட்டில் பிழை இருந்தால் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, ஆணையின் நகலை இணைத்து, அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதைக் காட்டி இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.