இறக்கம்தான் கடினம்: ஓஹியாவிலிருந்து பம்பரகந்தவுக்கு – வாசகர் கேள்வி பதில்

ஓஹியா புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1774 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காட்டோரமாகவும் உடவேரிய தேயிலைத் தோட்டத்தின் ஊடாகவும் நடந்து, மலைவிளிம்பில் வளைந்து வளைந்து இறங்கி, பம்பரகந்த நீர்வீழ்ச்சியைத் தொட்டு, கலுபஹனவில் ஏ4 வீதிக்கு வரும் பாதையைச் சுற்றுலாக்காரர் 'டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்' என்கிறார்கள். ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் இறங்க வேண்டும். இந்தப் பாதை பற்றி நமது பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம்.

உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்கள் நாங்கள். ஒரு நாள் இறக்கம் எங்களுக்குப் பெரிய விஷயமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பாதயாத்திரை போனவருக்கு வெயிலையும் தாகத்தையும் தாங்கத் தெரியும். பாதத்தோலும் இறுகியிருக்கும். அதெல்லாம் இங்கே உதவும். ஆனால் அந்தக் காட்டு வழி பெரும்பாலும் சமதரை. இறங்கும்போது வேலை வேறு. ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இப்படி நீண்டபடி பாரம் தாங்கும் தசையில் நுண்ணிய கிழிவுகள் உண்டாகும். மூச்சு வாங்காது, வியர்வையும் குறைவு. அதனால் களைப்பு ஏறுவது தெரியாது. சில மணி நேரம் போனதும் நின்ற நிலையில் கால் நடுங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு தசை பிடிக்காத பாரம் முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். சறுக்கலும் சுளுக்கும் பெரும்பாலும் நடையின் கடைசிப் பகுதியில் வருவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணமாக மலை ஏறுகிறவர் களைத்துப்போனால் திரும்பி இறங்கிவிடலாம். இந்தப் பாதையில் களைப்புத் தெரியும்போது நீங்கள் ஏற்கெனவே கீழே நிற்பீர்கள். திரும்பி வருவதென்றால் அவ்வளவையும் ஏற வேண்டும். எனவே, போவதா திரும்புவதா என்ற முடிவை வளைவுகள் தொடங்குவதற்கு முன்பு, விளிம்பிலேயே எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் எல்லோரும் பத்து நிமிடம் உட்காருங்கள். அங்கு வரும்போது பகல் 12 மணி தாண்டிவிட்டதா, யாருக்காவது முழங்கால் குத்துகிறதா, புகார் மூடி அடுத்த வளைவு தெரியவில்லையா, மழை தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓஹியாவுக்குத் திரும்புங்கள்.

மட்டக்களப்பிலிருந்து விடியற்காலை வான் பிடித்துப் போய் அன்றே இறங்கி முடிக்கலாமா? எத்தனை மணித்தியாலம் நடக்க வேண்டும்?
– வாசகர், கல்முனை

அன்றே போய் அன்றே இறங்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு ஹப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ தங்குங்கள்.

நேரத்தை ஊகிக்காமல் கணக்குப் போடுவது நல்லது. எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தூரம் கூடிக் குறையும். 15 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீற்றர் வீதம் 3 மணித்தியாலம். 600 மீற்றர் ஏற்றத்துக்கு ஒரு மணித்தியாலம் என்பது மலை நடையாளர் பயன்படுத்தும் விதி. இடையிடையே வரும் சிறு ஏற்றங்களுக்கு 20 நிமிடம் சேருங்கள். செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும். ஆயிரம் மீற்றருக்கு 35 நிமிடம் வரும். எல்லாம் சேர்த்து 4 மணித்தியாலம். இது நடந்து பழகியவர் நிற்காமல் போகும் வேகம். பழக்கமில்லாதவர் இருக்கும் கூட்டத்துக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள், 6 மணித்தியாலம். சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் ஒன்று சேர்த்தால் 7.

காலை 7.30க்குத் தொடங்கினால் பிற்பகல் 2.30க்கு முடியும். 9.30க்குத் தொடங்கினால் 4.30 ஆகும். அதற்குப் பிந்தித் தொடங்க வேண்டாம். நமது நாட்டில் சூரியன் மாலை 6 மணியை ஒட்டி மறைகிறது. ஆனால் பள்ளத்தாக்கில், மரநிழலில், அதற்கு அரை மணி நேரம் முன்பே தரை தெரியாது. பகலில் முடித்துவிடுவோம் என்று நம்பினாலும் ஆளுக்கொரு டோர்ச் இருக்கட்டும். தொலைபேசி வெளிச்சத்தை நம்பினால், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் பற்றரி இராது.

வான் வைத்திருப்பவர்கள் ஓஹியாவில் இறங்கிக்கொண்டு, சாரதியை ஹப்புத்தளை, பெரகல, ஹல்துமுல்ல வழியாகக் கலுபஹனவுக்கு அனுப்பலாம். கலுபஹன இருக்கும் ஏ4 வீதிதான் வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வந்து மட்டக்களப்பில் முடிகிறது. நடை முடிந்ததும் ஒரே வீதியில் வீடு வரலாம். இரவோடிரவாக அவ்வளவு தூரம் ஓடும் சாரதி பகலில் தூங்கியிருக்க வேண்டும், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்கள் ஊரில் மலையே இல்லை. எங்கே பயிற்சி எடுப்பது? கடற்கரை மணலில் ஓடினால் போதுமா?
– வாசகி, கல்லடி

மணலில் ஓடுவது கெண்டைக்காலுக்கும் மூச்சுக்கும் நல்லது. இறங்கும் தசைக்கு அது போதாது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுப் போதும். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள்: ஒவ்வொரு படியிலும் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி மெதுவாகக் காலை வைத்து, குதிக்காமல் இறங்குங்கள். முதல் வாரம் முதுகில் பாரமில்லாமல் 10 தடவை. பிறகு இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பையில் வைத்து 15, 20 தடவை. வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். முதல் நாள் பயிற்சிக்குப் பின் இரண்டு நாள் தொடை வலிக்கும். அந்த வலி போனபின் தசை அதே வேலையைத் தாங்கப் பழகியிருக்கும். கடைசிக் கடும் பயிற்சிக்கும் பயணத்துக்கும் இடையில் ஐந்து நாளாவது விடுங்கள்.

குடும்பிமலையில் ஏறிப் பழகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏறலாம், ஆனால் அது வெப்பமான தாழ்நிலக் காடு, யானை நடமாட்டமும் உண்டு. தனியாகவோ பொழுது சாயும் வேளையிலோ போக வேண்டாம், பழகிய ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவும் வேண்டாம்.

அலுமாரியில் இருக்கும் நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

அந்த 'நல்ல' சப்பாத்தைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம். மலை நடைச் சப்பாத்துகள் பலவற்றின் அடிப்பகுதிக்கு நடுவே பொலியூரித்தேன் நுரை இருக்கும். நமது கரையோர ஈரக்காற்றில் சில வருடம் பாவிக்காமல் கிடந்தால் அந்த நுரை உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும். மலையில் இரண்டு மணி நேரம் நடந்ததும் அடித்தட்டு அப்படியே கழன்று விழும். போவதற்கு முன் கையால் நன்றாக வளைத்து, பக்கவாட்டில் விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால், மாவாக உதிர்ந்தால், எறிந்துவிடுங்கள். எப்படியும் இரண்டு மீற்றர் நைலோன் கயிறு பையில் இருக்கட்டும், கழன்ற அடியைக் கட்டிக்கொண்டு வீதிவரை வரலாம்.

புதிது வாங்குவதானால் ஒரு மாதம் முன்பே வாங்கி, படிக்கட்டுப் பயிற்சியை அதோடு செய்யுங்கள். பிற்பகலில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து நகம் ஒவ்வோர் அடியிலும் முட்டும், மறுநாள் நகம் கறுத்திருக்கும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள், அன்று காலை வெட்டினால் ஓரம் குத்தும். விளிம்பில் இளைப்பாறும்போது நாடாவை அவிழ்த்து, குதிக்காலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டுங்கள். சப்பாத்துச் சரியாக இருந்தும் நகம் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைச் செய்யாதவர்கள்தான்.

ஒரு தடியும் வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஊன்றினால் முழங்கை செங்கோணமாக மடியும் அளவு சாதாரண நீளம், இறக்கத்துக்கு அதைவிட 5 முதல் 10 சென்ரிமீற்றர் கூடுதலாக வேண்டும்.

என்ன சாப்பாடு கட்டுவது? வழியில் ஓடைத் தண்ணீர் குடிக்கலாமா?
– வாசகி, ஆரையம்பதி

தேங்காய்ப்பால் சேர்ந்த கறியும் தேங்காய்ப்பூப் போட்ட பிட்டும் பைக்குள் மதியத்துக்கு முன்பே புளித்துவிடும். ரொட்டியும் தேங்காய் சேராத கட்டச்சம்பலும் கட்டுங்கள். இடையில் கொறிக்கக் கச்சான், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை. மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி சாப்பிட்டால், ஒரே இடத்தில் வயிறு முட்டத் தின்று பாரத்தோடு இறங்க வேண்டியிராது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர். ஓடை நீர் வேண்டாம். தேயிலைக்குப் போடும் உரமும் களைநாசினியும் மழையில் ஓடைக்கு வருகின்றன. கொதிக்க வைத்தாலோ குளோரின் வில்லை போட்டாலோ கிருமி சாகுமே தவிர அவை போகமாட்டா. ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குறித்த அளவு தண்ணீரில் முழுப் பைக்கற்றையும் கரைக்க வேண்டும், ருசிக்காகக் குறைத்துக் கலக்கக் கூடாது.

டிசம்பர் விடுமுறையில் போகலாமா?
– ஆசிரியர், திருக்கோவில்

வேண்டாம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையில் ஊறிய சரிவு அது. 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவில் புதைந்த கொஸ்லந்தை மீரியபெத்தையும் இதே மலைச்சுவரின் தென்பக்கத்தில், ஹல்துமுல்லப் பிரிவில்தான் இருக்கிறது. பெப்ரவரியும் மார்ச் முற்பகுதியும் சிறந்தவை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுவதும் பிற்பகல் இடிமழை உண்டு, அப்போது போவதானால் 2 மணிக்குள் திறந்த சரிவைக் கடந்துவிட வேண்டும். நமக்குக் கச்சான் காற்று வீசும் நடுவருட மாதங்களில் மழை குறைவானாலும் விளிம்பில் காற்று ஆளைத் தள்ளும்.

எந்த மாதமானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல் நாள் பாருங்கள். பதுளை மாவட்டத்தின் அந்தப் பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழியில் நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், நேற்றுவரை இல்லாத ஊற்று, திடீரெனக் கலங்கிய ஓடை தென்பட்டால் அந்தச் சரிவின் கீழே நிற்காதீர்கள்.

தோட்டத்து ஆட்கள் குறுக்குவழியில் சட்டென்று இறங்குகிறார்களே, நாங்களும் அப்படிப் போனால் நேரம் மிச்சமல்லவா?
– வாசகர், செங்கலடி

அவர்களுக்கு அது தினமும் கால் பழகிய வழி. தேயிலை நிரைகளுக்கு இடையே நீர் வடியும் கான்கள் இருக்கின்றன. செடி மூடியிருப்பதால் அவை தெரியாது. கணுக்கால் அதற்குள் போனால் அன்றைய நடை அதோடு சரி. குறுக்குவழியால் வரும் பெரிய கெடுதி, கூட்டம் பிரிவது. இரண்டு பேர் குறுக்கே இறங்க, மற்றவர்கள் வளைவைச் சுற்றிவர, யார் முன்னால் யார் பின்னால் என்றே தெரியாமல் போகும். ஒவ்வொரு கிளைப்பாதையிலும் முன்னால் போனவர் நிற்க வேண்டும், கடைசியாள் வந்த பிறகுதான் நகர வேண்டும். கடைசியாளாக நன்றாக நடக்கக்கூடிய ஒருவரைப் போடுங்கள்.

வழி சந்தேகமானால் தோட்டத்து மக்களிடம் கேளுங்கள். அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். 'அண்ணே, பம்பரகந்தைக்கு எந்தப் பக்கம்?' என்றால் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டு வந்து காட்டுவார்கள். நீங்கள் நடப்பது அவர்கள் குடியிருக்கும் இடம். லயத்து வாசலில் நின்று கேட்காமல் படம் எடுப்பதும், பாட்டுப்பெட்டியைச் சத்தமாக வைத்துக்கொண்டு போவதும் மரியாதையில்லை.

யாருக்காவது கணுக்கால் சுளுக்கினால் சப்பாத்தைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வீக்கத்தால் திரும்பப் போடமுடியாது. சப்பாத்துக்கு மேலாகவே துணியால் சுற்றிக் கட்டி, தடி கொடுத்து, அருகிலுள்ள வாகனம் வரும் பாதைக்குக் கொண்டுவாருங்கள். அம்புலன்ஸ் 1990.

அம்மாவுக்கு 58 வயது, முழங்கால் தேய்வு. ஆனாலும் வர ஆசைப்படுகிறா. என்ன செய்யலாம்?
– வாசகி, வாழைச்சேனை

இறக்கத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். அவவை வானிலேயே கலுபஹனவுக்கு அனுப்பி, அங்கிருந்து நீர்வீழ்ச்சிவரை வாகனத்தில் போய், கடைசித் துண்டை மட்டும் ஆறுதலாக நடக்கச் சொல்லுங்கள். 263 மீற்றர், இலங்கையின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சி. நீங்கள் மேலிருந்து வந்து சேரும்போது அவ அங்கே காத்திருக்கலாம்.

அட்டை, குளவி, நீர்வீழ்ச்சியில் குளிப்பது: இவற்றில் எதற்குப் பயப்பட வேண்டும்?
– மாணவர் குழு, சம்மாந்துறை

அட்டைக்குப் பயம் வேண்டாம். காலுறையின் மேல் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் நெருப்பு வைக்காமல், மெல்லிய முனைப் பக்கம் நகத்தால் வழித்துத் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் ஓடும், அழுத்திக் கட்டினால் நிற்கும்.

குளவிக்கும் மலைத்தேனீக்கும் பயப்படத்தான் வேண்டும். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், பாறைக்குக் கீழே புகை போடாதீர்கள், கூச்சலிடாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தபடி விரைவாக விலகுங்கள். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ உடனே வைத்தியசாலை.

குளிப்பதுதான் இந்த மூன்றிலும் ஆபத்தானது. நடுங்கும் கால்களோடு பாசி படிந்த பாறையில் ஏறுகிறீர்கள். கரையோரம், இடுப்பளவுக்குள் நின்றுகொள்ளுங்கள். உச்சிக்கு ஏறவோ குதிக்கவோ வேண்டாம். நீர் நிறம் மாறி, சருகும் குச்சியும் வரத் தொடங்கினால் மேலே மழை பெய்திருக்கிறது, உடனே வெளியேறுங்கள். காலில் வெட்டோ கொப்புளமோ இருந்தால் நீரில் இறங்க வேண்டாம். அடுத்த ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், பனடோலோடு வீட்டில் இருக்காமல் வைத்தியரிடம் போய், ஓடையில் நடந்ததைச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று அவர் சோதிப்பார்.