பரணில் ஏறிய டிரங்குப் பெட்டி

கேள்வி: எனக்கு 46 வயது. போர் காமிக்ஸ் என்றால் சிறுவயதிலிருந்தே உயிர். பழைய கமாண்டோ புத்தகங்கள், இப்போது கெட்டி அட்டையில் வரும் பிரிட்டிஷ் தொகுப்புகள் என்று வாங்கிச் சேர்க்கிறேன். ‘சின்னப்பிள்ளைத்தனம், காசுக்குக் கேடு’ என்கிறாள் மனைவி. 12 வயது மகனும் படிக்கத் தொடங்கிவிட்டான். அவன் மனம் கெட்டுவிடும் என்று தினமும் சண்டை. அப்பா எங்களோடுதான் இருக்கிறார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர், 1971 போரைப் பார்த்தவர். புது அலமாரிக்கு இடம் வேண்டி அவருடைய டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். அவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: ‘அவர்கூட ஒன்றும் சொல்லவில்லை.’ அப்பாவின் மௌனத்தை உங்கள் கட்சிக்குச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறீர்கள். மகன் வீட்டில் இருக்கும் முதியவர் என்ன சொல்வார் என்று எதிர்பார்த்தீர்கள்? மருமகள் எதிரில் மகனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். அந்த வயதில் அவரால் ஏணி ஏற முடியுமா? இனி அவருடைய பெட்டியை அவர் தொட வேண்டுமென்றால் உங்களைக் கேட்க வேண்டும். உண்மையான போருக்குப் போய்வந்தவரின் பெட்டியை மேலே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் படம் போட்ட போரை அடுக்கியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, தம்பி.

பிரிட்டிஷ் தொகுப்புகள் வாங்குகிறவர் ‘சார்லிஸ் வார்’ படிக்காமல் இருக்க மாட்டீர்கள். பேட் மில்ஸ் எழுத, ஜோ கொல்கூன் வரைய, ‘பேட்டில்’ வார இதழில் 1979இல் தொடங்கிய தொடர். வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்த 16 வயதுப் பையன், முதல் உலகப் போரில், 1916இல் பிரான்ஸின் சோம் போர்முனையில் போய் நிற்கிறான். எழுத்துப் பிழைகளோடு வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். கடிதத்தில் நலம், அதே கட்டத்தின் படத்தில் சேறு, குண்டு, பிணம். அந்தத் தொடரின் உயிரே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கற்பனைப் பையனின் கடிதத்துக்கு உருகுகிற நீங்கள், உங்கள் அப்பா வீட்டுக்கு எழுதிய கடிதம் ஏதாவது அந்தப் பெட்டியில் கிடக்கிறதா என்று கேட்டதுண்டா?

உங்கள் ரசனையில் எனக்குக் குறை இல்லை. 1961இலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து வரும் கமாண்டோவில், சட்டைப் பைக்குள் அடங்கும் அறுபத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு கதை முழுசாக முடிந்துவிடும். தளபதிகளை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் சிப்பாயைப் பிடித்துக்கொள்வதுதான் இந்த வகையின் பலம். அமெரிக்காவில் ஹார்வி கர்ட்ஸ்மன், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951இலேயே ‘ஃப்ரன்ட்லைன் காம்பாட்’ இதழில் வீர முழக்கம் இல்லாத கதைகளைப் போட்டார். 1965இல் வந்த ‘பிளேசிங் காம்பாட்’ வியட்நாமின் ஒரு கிழ நெல் விவசாயியின் சாவைக் கதையாக்கியது. ராணுவக் கடைகள் அந்த இதழை விற்க மறுத்தன. நான்கே இதழோடு நின்றுபோனது. பழையதைச் சேர்ப்பதோடு, கார்த் என்னிஸ் போன்றவர்கள் இப்போது எழுதுவதையும் படியுங்கள். இவற்றைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை இறக்குங்கள். துடைத்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் கைக்கு எட்டும்படி வையுங்கள். நீங்கள் திறக்காதீர்கள். எந்தத் துப்பாக்கி, எந்த முனை என்று ரசிகனாகப் போய்த் துளைத்தெடுக்கவும் வேண்டாம். சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். அலமாரிக்கு இடம் போதாவிட்டால் காமிக்ஸ் பரணுக்குப் போகட்டும். அதை ஏறி எடுக்க உங்களுக்குக் காலில் பலம் இருக்கிறது.

பையன் படிக்கட்டும். பழைய கதைகள் பலவற்றில் ஜெர்மானியனும் ஜப்பானியனும் மனிதர்களாகவே வர மாட்டார்கள். அந்த இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது தகப்பன் வேலை. அதை மனைவி தலையில் கட்டாதீர்கள்.

மனைவிக்குப் புரியவைப்பது பற்றி ஒரே ஒரு சந்தேகம். மாதம் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கடிதத்தில் எங்குமே நீங்கள் எழுதவில்லை. வீட்டிலும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள்.