வெளிநாட்டு நிதியில் நடக்கும் சிவில் சமூகத் திட்டங்களால் மலையகத்துக்கு உண்மையில் பயன் உண்டா?

சும்மா கேட்பவர் இப்படிக் கேட்க மாட்டார். உங்களுக்கு எங்கேயோ கள உத்தியோகத்தர் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் "அது என்ஜிஓ வேலை, நிலைக்காது" என்கிறார்கள் என்று நினைக்கிறேன். பயன் உண்டு. ஆனால் அது ஆபீஸ் அறிக்கையில் எழுதுகிற இடத்தில் இருக்காது.

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் அப்படி ஒரு திட்டத்தில் நான் இருந்தேன். ஐரோப்பிய நாடொன்றின் காசு. பொறுப்புக்கூறும் உள்ளூராட்சி என்று பெனர் கட்டியிருப்போம். பிரதேச சபையிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று தேயிலைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்வதுதான் வேலை. இதற்கெல்லாம் வெள்ளைக்காரன் காசு எதற்கு என்று யாராவது கீழே எழுதுவார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க எங்களுக்கு அதிகாரமில்லை, துரையை, அதாவது தோட்ட முகாமையாளரைப் போய்ப் பாருங்கள் என்று முப்பது வருஷம் திருப்பி அனுப்பினார்கள். சபைகள் தோட்டத்துக்குள்ளும் செலவழிக்கலாம் என்று 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறாகின. சரி, சட்டம் மாறிய சங்கதியை லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு வந்து சொன்னது யார்? நான் போன தோட்ட டிவிஷன்களில் எங்களைப் போன்றவர்கள்தான். தொழிற்சங்கங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, அந்தச் சண்டைக்கு வர வேண்டாம்.

எங்கள் செயலமர்வுகளில் உருப்படியானது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். 2016இல் நிறைவேறி 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அரச அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் பதினான்கு வேலை நாளுக்குள் தகவல் தருவார்களா மாட்டார்களா என்று தகவல் அலுவலர் சொல்லியாக வேண்டும். ஒரு டிவிஷனில் மாதர் சங்கத்துப் பெண்கள், லயத்துக்கு ஏறுகிற கொங்கிரீட் பாதையின் மதிப்பீட்டைக் கேட்டு எழுதினார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும் முன் விடியற்காலையில் உட்கார்ந்து எழுதிய கடிதம். தமிழில் கேட்டதற்குப் பதில் சிங்களத்தில் வந்தது. அதை வாசிக்க ஆள் தேடி, தாளில் இருந்த நீளத்தையும் போட்ட பாதையின் நீளத்தையும் அளந்து பார்த்தார்கள். பாதை குறைவு. அப்புறம் சபைக்காரர்கள் வந்து மீதியைப் போட்டார்கள்.

அந்தப் பதில் தோட்ட ஆபீஸில் கிடந்து கிடந்துதான் அவர்கள் கைக்கு வந்தது. லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் ஆபீஸுக்கு வரும், யாராவது எடுத்து வந்தால் உண்டு. என் தங்கையின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கழிந்த பிறகுதான் வந்தது. இதற்காக யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். மலையகத்தைப் பற்றி எதை எழுதினாலும் எனக்கு இது வந்துவிடுகிறது.

பாதை முடிந்த பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அடுத்த கூட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா எழும்பி, "ஏன் தம்பி, உங்க ஆபீஸ் கணக்கையும் இப்படி எழுதிக் கேக்கலாமா?" என்றார். கேட்கலாம். பொதுமக்களுக்குச் சேவை செய்து, வெளிநாட்டு அரசின் நிதியில் பெருமளவு தங்கியிருக்கும் நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய தகவலைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. எழுதிக் கொடுங்கள் என்றேன். எங்கள் தோட்டத்தின் பேரில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று அழகாக எழுதிக் கொடுத்தார்கள்.

ஆபீஸில் பூகம்பம். "நீங்க யாருக்கு வேலை செய்றீங்க?" என்று இணைப்பாளர் கேட்டார். பிரதேச சபைத் தலைவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது! கடைசியில் ஒரு பக்கக் கணக்கு வந்தது. வாகன வாடகையும் ஹோட்டல் மண்டபமும்தான் அதில் பெரிய தொகைகள். பெண்கள் வாசித்தார்கள், சிரித்தார்கள், அடுத்த செயலமர்வைக் கோயில் மண்டபத்தில் வையுங்கள், சோறு நாங்கள் ஆக்குகிறோம் என்றார்கள். எங்கள் இறுதி அறிக்கையில் பாதை படத்தோடு வந்தது. இந்தக் கணக்குக் கதை ஒரு வரிகூட இல்லை.

எல்லா நிறுவனமும் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாக நடத்துகிறவர்களையும் தெரியும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது நல்ல வேலை செய்துகொண்டிருந்த நண்பர்கள் வீட்டுக்குப் போனார்கள். வெளிநாட்டுக் காசுக்குப் பறப்பவர்கள் என்ற கேலியில், அவர்களைப் பார்த்து டொலர் காக்கைகள் என்று முகநூலில் சிரித்தவர்கள், அந்தத் தோட்டங்களில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர்களாக எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குப் போங்கள். போன முதல் மாதமே, தோட்டத்துக்கான வரவுசெலவைத் தமிழில் எழுதி லய வாசலில் ஒட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.